ஊட்டிக் குளிரில் ரூஃப் கான்கிரீட்: சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க ‘ஸ்பீடு கெமிக்கல்’ சேர்க்கலாமா?

நீலகிரி வீடு
வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட். எம்25 மிக்ஸ், பிபிசி சிமெண்ட் (சாம்பல் கலந்த, மெதுவாக வலுவேறும் வகை), சைட்டிலேயே மிக்சர் மெஷின் வைத்துப் போடுகிறோம். காண்ட்ராக்டருக்குச் சென்ட்ரிங் சாமான், அதாவது தளத்தைத் தாங்கும் ஷீட்டும் ஜாக்கியும், அடுத்த சைட்டுக்குத் தேவையாம். “ஒரு ஸ்பீடு கெமிக்கல் இருக்கிறது, மூட்டைக்கு இவ்வளவு என்று ஊற்றினால் அஞ்சு நாளில் மொத்தமாகப் பிரித்துவிடலாம்” என்கிறார். ராத்திரியில் இங்கே 5, 6 டிகிரிக்கு இறங்குகிறது. ஊற்றலாமா, வேண்டாமா?

சைட் இன்ஜினியர் திருப்பூர்
கெமிக்கலின் பெயர் என்ன? கேனில் லேபிள் இருக்கிறதா? சிலாப் அளவு, பீம் அளவு சொல்லுங்கள். அது தெரியாமல் யார் பதில் சொன்னாலும் ஜோசியம்தான்.

நீலகிரி வீடு
வெள்ளை கேன், லேபிள் இல்லை. “கம்பெனி சரக்குதான், மொத்தமாக வாங்கிப் பிரித்து ஊற்றியது” என்கிறார். பெரிய அறை 12-க்கு 14 அடி. போர்டிகோவில் ஒரு பீம் 20 அடி.

ஓய்வுபெற்ற பொதுப்பணி
தம்பி, கெமிக்கலை அப்புறம் பார்க்கலாம். அஞ்சு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 சொல்வது இது. தளத்தின் அடி ஷீட்டை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்த உடனே முட்டுகளை, அதாவது கீழிருந்து தாங்கும் ஜாக்கிகளை, திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பீமின் அடிப்பலகை 7 நாள். முட்டுகளைப் பொறுத்தவரை, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். உங்கள் 12 அடி அறை 3.66 மீட்டர், அது 7 நாள் கணக்கில் வரும். போர்டிகோ பீம் 20 அடி என்றால் 6.1 மீட்டர். மயிரிழையில் 21 நாள் வரிசைக்குப் போய்விட்டது. “மொத்தமாக அஞ்சு நாளில்” என்ற பேச்சு அந்தப் பீமிலேயே அடிபட்டுப் போகிறது.

பெரும்பாலானவர்கள் இந்த அட்டவணையை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் சுற்றவிடுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் வரியை வாசிப்பதில்லை. சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில், ஓபிசி (கலப்பில்லாத சாதாரண) சிமெண்ட் போட்டு, ஒழுங்காகத் தண்ணீர் கட்டினால்தான் இந்த நாள்கள் பொருந்தும். உங்களிடம் குளிரும் இருக்கிறது, பிபிசியும் இருக்கிறது. அதாவது 7 நாளே உங்களுக்குப் போதாது.

எவ்வளவு கூடுதல் என்று ஒரு முரட்டுக் கணக்கு போடலாம். நர்ஸ்–சால் முறை என்பார்கள். சராசரி வெப்பத்தோடு 10-ஐக் கூட்டி நாள்களால் பெருக்க வேண்டும். சமவெளியில் 30 டிகிரி என்றால் 7 நாளில் 40 × 7 = 280. உங்கள் ஊரில் பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 12 என்று வைத்தால், நாளுக்கு 22. 280-ஐத் தொட 12 நாளைத் தாண்டிவிடும். இது சிமெண்ட் மாறாமல் இருந்தால்.

சென்ட்ரிங் வாடகை
சார், சட்டம் பேசுவது சுலபம். ஷீட்டு, ஸ்பேன், ஜாக்கி எல்லாம் நாள் வாடகை. மலை மேல் ஏற்றுகிற வண்டிக் கூலி தனி. இரண்டு வாரம் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டால் காண்ட்ராக்டர் எங்கே போவார்? ஊரெல்லாம் ஏழு நாளில் பிரிக்கிறார்கள், எந்த வீடு விழுந்தது?

ஓய்வுபெற்ற பொதுப்பணி
ஷீட்டைப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முட்டுகளை எடுக்காதீர்கள் என்கிறேன். சென்ட்ரிங் அடிக்கும்போதே அறை நடுவில் ஒரு வரிசைப் பலகையை, ஷீட்டோடு சேராமல், தனி முட்டு கொடுத்து வையுங்கள். பக்கத்து ஷீட்டெல்லாம் கழன்று போனாலும் அந்த வரிசை அசையாமல் நிற்கும். முக்கால்வாசிச் சாமான் வண்டி ஏறிவிடும். இதற்குக் கெமிக்கல் எதுவும் வேண்டாம், ஆசாரி கொஞ்சம் யோசித்து அடித்தால் போதும்.

விழவில்லை என்பதும் சரியான அளவுகோல் இல்லை. சீக்கிரம் முட்டு எடுத்த தளம் பெரும்பாலும் விழாது, தொய்யும். பிளாஸ்டர் பூசியபின் நடுவில் கோடு கோடாக விரிசல் வரும். அதற்குச் சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவோம்.

வேதியியல் வாத்தியார்
லேபிள் இல்லாத கேன் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மலிவாக, வேகமாக வேலை செய்கிற சரக்கு என்றால் முதல் சந்தேகம் கால்சியம் குளோரைடு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சிமெண்டில் போடுகிறார்கள். வேகத்தில் அதை அடித்துக்கொள்ள இன்றும் விலை மலிவான வேறு சரக்கு இல்லை. சிமெண்டில் சீக்கிர வலுவைத் தருவது ட்ரைகால்சியம் சிலிகேட். தண்ணீர் பட்டதும் அது சில மணி நேரம் சும்மா கிடக்கும், அப்புறம்தான் வேகமெடுக்கும். குளோரைடு அந்தத் தூக்க நேரத்தைக் குறைத்து, அதற்குப் பிந்தைய வேகத்தையும் கூட்டுகிறது.

கோளாறு கம்பியில். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம் என்பதால் கம்பிமேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்புறம் ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும். உங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

கணக்கு பாருங்கள். ஒரு கன மீட்டர் எம்25-க்கு 340 கிலோ சிமெண்ட் என்று வைப்போம். பழைய பழக்கப்படி 2 சதவீதம் போட்டால் 6.8 கிலோ கால்சியம் குளோரைடு. அதன் எடையில் சுமார் 64 சதவீதம் குளோரைடு, அதாவது 4 கிலோவுக்கு மேல். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 அனுமதிப்பது, ஜல்லி, மணல், தண்ணீர் என்று எல்லா வழியிலும் வருவதைச் சேர்த்தே, கன மீட்டருக்கு 0.6 கிலோ. அரை சதவீதம்தானே ஊற்றினோம் என்று சமாதானம் சொன்னாலும் எல்லையைத் தாண்டியாயிற்று.

கேனில் குளோரைடு இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பக்கத்துப் பள்ளி ஆய்வகத்தில் கேளுங்கள். சோதனைக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், அதில் இரண்டு சொட்டு கெமிக்கல், கொஞ்சம் நீர்த்த நைட்ரிக் அமிலம், அப்புறம் வெள்ளி நைட்ரேட். தயிர்போல வெள்ளையாகத் திரிந்து வீழ்படிவு வந்தால் அநேகமாகக் குளோரைடுதான். குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலேயே குளோரைடு இருக்கும். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துவிடும், கையுறை போடச் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர் திருப்பூர்
வாத்தியார் சொன்னதோடு ஒன்று. குளோரைடு கலந்தால் உலரும்போது சுருக்கமும் கூடும், சல்ஃபேட்டைத் தாங்கும் சக்தியும் குறையும். கம்பி மட்டும் பிரச்சினை இல்லை.

ஏன்_எதற்கு
அப்படியென்றால் குளோரைடு இல்லாத ஆக்சிலரேட்டர் (வேகப்படுத்தும் கெமிக்கல்) எதுவுமே இல்லையா? ஆன்லைனில் தேடினால் பத்துப் பதினைந்து வருகிறதே.

டொராண்டோ குளிர்க்காரன்
நிறைய இருக்கிறது. இங்கே குளிர் தொடங்கினால் ரெடிமிக்ஸ் ஆர்டர் கொடுக்கும்போதே “குளோரைடு உள்ளதா, இல்லாததா” என்று கேட்பார்கள். இல்லாத வகையில் அதிகம் புழங்குவது கால்சியம் நைட்ரேட். அது முக்கியமாக இறுகும் நேரத்தைக் குறைக்கும். கால்சியம் நைட்ரைட் என்று இன்னொன்று, அது வேகமும் தரும், கம்பி துருப்பிடிப்பதையும் தடுக்கும், விலை கூடுதல். கால்சியம் ஃபார்மேட், சோடியம் தயோசயனேட்டும் உண்டு. வேகத்தில் எதுவும் குளோரைடுக்கு ஈடில்லை, அதனால் அளவு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

இங்கேயும் சைட்டில் சிலர் இதை ‘ஆன்டிஃப்ரீஸ்’ என்றே கூப்பிடுவார்கள். தவறான நம்பிக்கை. சாதாரண அளவில் போடுகிற ஆக்சிலரேட்டர் தண்ணீர் உறைவதைத் தடுப்பதில்லை. உறைவதற்குள் கான்கிரீட்டைக் கொஞ்சம் வலுவாக்குகிறது, அவ்வளவுதான். முதல் உறைபனி தொடும் முன் 3.5 மெகாபாஸ்கல் (வலுவின் அளவு) ஆவது வந்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் கான்கிரீட் அமைப்பான ஏ.சி.ஐ.யின் வழிகாட்டுதல்.

இன்னொன்று, இங்கே கெமிக்கல் மூன்றாவது ஆயுதம்தான். முதலில் வெந்நீர், அடுத்து போர்வை. ஊட்டியில் இப்போது பூஜ்யத்துக்குக் கீழே இறங்காவிட்டாலும் இந்த இரண்டும் உங்களுக்கு உதவும். தண்ணீரைச் சூடாக்கி ஜல்லியிலும் மணலிலும் முதலில் ஊற்றிப் புரட்டுங்கள், அப்புறம் சிமெண்டைப் போடுங்கள். சிமெண்டும் வெந்நீரும் நேரடியாகச் சந்தித்தால் மிக்சருக்குள்ளேயே கட்டிதட்டிவிடும்.

ப்ரீகாஸ்ட் யார்டு
நான் ப்ரீகாஸ்ட் ஆள். எங்களுக்குச் சீக்கிர வலு என்பதுதான் சோறு. சாயங்காலம் வார்த்ததை மறுநாள் காலை அச்சிலிருந்து தூக்க வேண்டும். ஆனாலும் ஆக்சிலரேட்டரை நாங்கள் கடைசியில்தான் தொடுகிறோம்.

முதல் வேலை சிமெண்டை மாற்றுவது. இந்தியத் தரப்படி பிபிசி 3 நாளில் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வலு 16 மெகாபாஸ்கல். ஓபிசி 53 கிரேடு 27 காட்ட வேண்டும். ரேப்பிட் ஹார்டனிங் சிமெண்ட் என்று ஐ.எஸ். 8041-இல் வருவது, பிபிசி 3 நாளில் தருகிற அந்த 16-ஐ ஒரே நாளில் தரும். கெமிக்கலுக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீரைக் குறைப்பது. கொத்தனார் கரண்டிக்கு இளக்கமாக வேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றும் தண்ணீர்தான் வலுவின் முதல் எதிரி. நல்ல சூப்பர்பிளாஸ்டிசைசர் போட்டால் தண்ணீரைக் கணிசமாகக் குறைத்தும் அதே இளக்கம் வரும். தண்ணீர் குறைந்தாலே முதல் நாள் வலு ஏறிவிடும். ஒரு எச்சரிக்கை: சமவெளிக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிசைசர் பலவற்றில் வெயிலுக்காக ரிடார்டர் (இறுகலைத் தாமதப்படுத்தும் சரக்கு) சேர்த்திருப்பார்கள். ஊட்டியில் அதை ஊற்றினால் கான்கிரீட் மறுநாள் காலை வரை ஈரமாகவே இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மூன்றாவது சூடு. நாங்கள் நீராவி கொடுப்போம். அதிலும் கான்கிரீட்டுக்குள் 70 டிகிரியைத் தாண்டவிட மாட்டோம். தாண்டினால் அப்போது உருவாக வேண்டிய எட்ரிஞ்சைட் என்ற படிகம் உருவாகாமல் நின்று, வருடங்கள் கழித்து உருவாகி, உள்ளிருந்தே விரிசல் விடவைக்கும்.

வேதியியல் வாத்தியார்
யார்டுக்காரரே, சூட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆரம்பத்தில் அதிகச் சூட்டில் வளர்ந்த கான்கிரீட், 28 நாளில் பார்த்தால் மெதுவாக வளர்ந்ததைவிடப் பின்தங்கிவிடும். அவசரமாக உருவாகும் படிவம் சிமெண்ட் துகளைச் சுற்றியே நெருக்கமாகக் குவிந்து, நடுவில் இடைவெளி விட்டுவிடுகிறது. இந்தத் துறையில் முதல் நாளில் வாங்கிய கடனைப் பெரும்பாலும் 28-ஆம் நாளில் அடைக்க வேண்டியிருக்கிறது. தரக்குறியீடுகளே இதை ஒப்புக்கொள்கின்றன. ஐரோப்பாவின் இ.என். 934-2, வலுவை முடுக்கும் சரக்கிடம் 20 டிகிரியில் 24 மணி நேரத்தில் சாதாரண மிக்ஸைவிடக் குறைந்தது 20 சதவீதம் கூடுதல் வலு கேட்கிறது. 28 நாளில் 90 சதவீதம் இருந்தாலே போதும் என்று விட்டுக்கொடுக்கிறது.

அதே குறியீடு இறுகலை முடுக்குவதையும் வலுவை முடுக்குவதையும் இரண்டு தனி வகையாகவே வைத்திருக்கிறது. நம் ஊர்க் கடையில் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கின்றன. சீக்கிரம் இறுகியது என்பதற்காக முட்டுகளை எடுக்கிற அளவு வலு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. துணி சோடா, அதாவது சோடியம் கார்பனேட், கலந்தால் சிமெண்ட் நிமிடங்களில் கல்லாகும். தொட்டி ஒழுக்கை அடைக்க அது போதும், தளத்தைத் தாங்க உதவாது.

ஏன்_எதற்கு
ட்ரைஎத்தனாலமைன் என்று ஒன்று படித்தேன். அது எந்த வகை?

வேதியியல் வாத்தியார்
விளையாட்டுக்காரச் சரக்கு. சிமெண்ட் எடையில் 0.02 சதவீதம் அளவில் வேகப்படுத்தும். 0.25 வாக்கில் போனால் தாமதப்படுத்தும். கம்பெனிக்காரர்கள் மற்ற சரக்கோடு மிகக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். சைட்டில் மக்கில் அளந்து ஊற்றுகிற பொருள் அல்ல.

அண்மைக்காலத்தில் வந்த நல்ல யோசனை வேறு. சிமெண்ட் கடைசியில் உருவாக்கும் பசையான கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டையே நானோ துகள்களாகத் தயாரித்துத் தண்ணீரில் கலந்து விற்கிறார்கள். பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரி. துகளின் மேற்பரப்பில் மட்டும் வளர வேண்டியது, நடுவில் உள்ள நீரிலும் அந்த விதைகளைப் பிடித்துக்கொண்டு வளரும். அதனால் மேலே சொன்ன கடைசி நாள் கடன் இதில் அவ்வளவாக இல்லை. பிஏஎஸ்எஃப் நிறுவனம் எக்ஸ்-சீட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ப்ரீகாஸ்ட் ஆள்களுக்கு நீராவிச் செலவு குறையும். வீடு கட்டுபவருக்கு விலை கட்டாது.

சுரங்க வேலை
வடக்கே மலைச் சுரங்கங்களில் ஷாட்கிரீட் (குழாயால் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடிப்பவன் நான். எங்கள் உலகம் தனி. பாறையில் அடித்த கான்கிரீட் தலைமேல் தொங்க வேண்டும், நிமிடங்களில் பிடிக்க வேண்டும். அதனால் ஆக்சிலரேட்டரை மிக்சரில் கலக்கவே மாட்டோம், நாசில் முனையில்தான் சேர்ப்போம். முன்பு சோடியம் சிலிகேட், சோடியம் அலுமினேட். பிடிக்கும், ஆனால் 28 நாள் வலுவைத் தின்றுவிடும். அலுமினேட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். இப்போது அலுமினியம் சல்ஃபேட் அடிப்படையிலான, காரமில்லாத வகை. அது எட்ரிஞ்சைட்டைச் சட்டென்று உருவாக்கிக் கெட்டியாக்குகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கேன்கள் எங்காவது மிச்சம் விழுந்து வெளியே போவதுண்டு. ரூஃபுக்கு யாராவது இதைக் கொண்டுவந்தால் மிக்சர் டிரம்மை உளி வைத்து உடைக்க வேண்டிவரும்.

சென்ட்ரிங் வாடகை
எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். ஒரு நாள் முன்னே பின்னே ஆனதில் எங்கே பெரிய விபத்து நடந்திருக்கிறது என்று யாராவது காட்டுங்கள் பார்ப்போம்.

ஓய்வுபெற்ற பொதுப்பணி
காட்டுகிறேன். 1978 ஏப்ரல் 27, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, வில்லோ ஐலண்ட். மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஓர் அடுக்கு, 5 அடி. சாரத்துக்கு அடியில் தரைவரை முட்டு கிடையாது, முன்பு போட்ட அடுக்குகளிலேயே போல்ட் போட்டுத் தொங்கும். முந்தின நாள் போட்ட அடுக்கு குளிரில் போதிய வலு பெறவில்லை. மறுநாள் காலை அதன்மேல் பாரம் ஏற்றியதும் அந்த அடுக்கு விட்டுக்கொடுத்து, கோபுரத்தைச் சுற்றிச் சாரம் முழுக்க உரிந்து விழுந்தது. 51 பேர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பு விசாரித்து, காரணம் வலு போதாமைதான் என்றது. அங்கே ஆள் இல்லையா, இன்ஜினியர் இல்லையா? அன்று அந்தக் கான்கிரீட்டின் வலு எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஏறவில்லை.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1973 மார்ச் 2, வர்ஜீனியாவில் பெய்லிஸ் க்ராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் அடுக்குமாடி சரிந்து 14 பேர் இறந்தார்கள். மேலே 24-ஆவது மாடிக்குக் கான்கிரீட் போகும்போது கீழ் மாடி முட்டுகளைச் சீக்கிரம் எடுத்ததால். அதுவும் குளிர்காலம்.

ஒரு நாள் முன்னே பின்னேதான்.

சென்ட்ரிங் வாடகை
சரி சார். உங்கள் நடுப்பலகை யோசனை பரவாயில்லை. எங்கள் ஆள்களிடம் சொல்கிறேன். வாடகை மட்டும் யார் தருவது என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நீலகிரி வீடு
எல்லோருக்கும் நன்றி. பள்ளி ஆய்வகத்தில் சோதித்தோம். வெள்ளி நைட்ரேட் விட்டதும் குழாய் முழுக்க வெள்ளை. காண்ட்ராக்டரிடம் காட்டினேன். “எனக்கு விற்றவன் சொல்லவில்லை” என்றார். இப்போது முடிவு செய்திருப்பது: ஓபிசி 53, கெமிக்கல் இல்லை, நடுவில் முட்டு வரிசை அசையாது. கூடுதல் நாள்களுக்கு ஜாக்கி வாடகையில் பாதி நான் தருகிறேன். காலையில் எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? போர்டிகோ பீமுக்கு 21 நாள் போதுமா?

ப்ரீகாஸ்ட் யார்டு
வெயில் ஏறியதும் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்தி விழும் முன் பாலித்தீன் விரித்து, அதன்மேல் சாக்கும் வைக்கோலும் கனமாகப் போடுங்கள். முதல் இரவின் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதான் உங்களுடைய ஆக்சிலரேட்டர். பாத்தி கட்டிக் குளிர்ந்த தண்ணீரை நிறுத்துவதை முதல் ராத்திரியே தொடங்காதீர்கள். மறுநாள் வெயிலில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கப்புறம் காயவிடவே கூடாது.

ஓய்வுபெற்ற பொதுப்பணி
பீமுக்கு நாள் சொல்ல மாட்டேன், க்யூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) சொல்லட்டும். பீமுக்குப் போகும் கான்கிரீட்டிலிருந்தே 150 மில்லிமீட்டர் க்யூப்கள் எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போடாமல், பீம் பக்கத்திலேயே அதே சாக்குக்கு அடியில் வையுங்கள். 21-ஆம் நாள் மூன்றை உடைத்துப் பாருங்கள். முட்டு எடுக்கும்போது வரும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு வலு இருக்க வேண்டும் என்பதுதான் மூல விதி. அந்த அழுத்தம் எவ்வளவு என்று உங்கள் டிசைன் இன்ஜினியர் ஒரு தாளில் எழுதித் தருவார். போதாவிட்டால் இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும். அதற்காக மூன்று க்யூப் கூடுதலாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன்_எதற்கு
அந்தக் கேனை என்ன செய்வது? கம்பியில்லாத அடிக் கான்கிரீட்டுக்காவது (பிசிசி பெட்) ஊற்றலாமா?

வேதியியல் வாத்தியார்
கம்பியோ வேறு உலோகமோ இல்லாத கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 3 கிலோ குளோரைடு வரை இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் கேனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று தெரியாமல் எப்படி அளப்பீர்கள்? விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து, பில்லோடு பணத்தைக் கேளுங்கள். பில் இருந்தால்.

நீலகிரி வீடு
பில் இல்லையாம்.